காரைக்குடி பிரேம் கடையும் சீனத்து முகங்களும்

காரைக்குடியில் படத்துக்கு பிரேம் போட எங்கே கொடுப்பது என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம், பழைய சாமான் கடைகள் முடிகிற இடத்தில் ஒரு சந்துக்குள் சின்னதாக ஒரு கடை இருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று கடைக்கார அண்ணன் கேட்டுக்கொண்டார். ஆளே இரண்டு பேர், கையில் இருக்கிற வேலையையே முடிக்க முடியவில்லையாம். அந்தத் தெருவில் போய் 'பழைய தேக்கில் பிரேம் போடுறவர்' என்று கேளுங்கள், கை காட்டுவார்கள். சாமி படம், கல்யாண போட்டோவெல்லாம் எந்தக் கடையிலும் போட்டுக்கொள்ளலாம். நிறம் கெடக்கூடாது என்கிற படம் உங்களிடம் இருந்தால் இவரிடம் போங்கள். ஏன் என்று சொல்வதற்கு, நான் கொண்டுபோன படங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

நான் தேவகோட்டையில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுக்கிறேன். முகம் வரையச் சொன்னால் அத்தனை பேரும் கிரேயான் பெட்டியில் இருக்கிற அதே வெளிறிய ரோஸ் குச்சியைத் தேடுகிறார்கள், அதற்குப் பெயர் ஸ்கின் கலர். என் வகுப்பில் ஒரு பிள்ளைக்குக்கூட அந்த நிறம் கிடையாது. ரொம்ப நாளாக இது என் மனதை அறுத்துக்கொண்டிருந்தது. சிங்கப்பூரில் இருக்கும் அத்தான் ஊருக்கு வரும்போது தற்காலச் சீன உருவப்படங்களின் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார், தனித்தனிப் பெரிய தாள்களாக, ஒரு பெட்டிக்குள். புரட்டப் புரட்ட, இதை வகுப்புச் சுவரில் மாட்டியே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது, ஏனென்றால் இந்த ஓவியர்களில் ஒருவரும் முகத்துக்கு ஸ்கின் கலர் அடிக்கவில்லை.

இதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சீனாவில் 1966 முதல் 1976 வரை, தலைவர் மாவோ தொடங்கி வைத்து நடந்த கலாச்சாரப் புரட்சியில், தலைவர்களையும் தொழிலாளர்களையும் வரையும்போது படம் சிவப்பாக, ஒளியோடு, பிரகாசமாக இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். முகத்தில் குளிர்ந்த நிறம் வரக்கூடாது. நீலச் சாயலோ சாம்பலோ கன்னத்தில் பட்டால் அரசியல் சந்தேகம் வந்துவிடும். எல்லார் கன்னமும் சிவந்திருக்கும், எல்லார் மீதும் ஒரே வெளிச்சம் விழும். ஆக, ஒரு தலைமுறைக்கே முகத்தின் நிறம் என்பது மேலே இருந்து வந்த உத்தரவு. அதற்குப் பிறகு வந்த ஓவியர்கள் முகத்துக்கு என்ன நிறம் கொடுத்தாலும் அது அந்த உத்தரவுக்கு ஒரு பதில்தான் என்று நான் நினைக்கிறேன். அழகு பற்றிய பேச்சும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும், மூக்கு கண் எடுப்பிலிருந்து இல்லை.

முதல் தாள் லுவோ ஜோங்லி 1980-ல் வரைந்த 'தந்தை'. ஒரு வயதான விவசாயியின் முகம், மூலப்படம் இரண்டு மீட்டருக்கு மேல் உயரம். அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய அளவில் முகம் வரைந்தால் அது மாவோவின் முகமாகத்தான் இருக்கும். அந்த இடத்தில் லுவோ ஒரு பெயர் தெரியாத குடியானவரைக் கொண்டுவந்து நிறுத்தினார். வெயிலில் கருத்த பழுப்பு முகம், நெற்றி முழுக்கச் சுருக்கம், வியர்வைத் துளி, வாயில் ஒற்றைப் பல், கையில் பழைய கிண்ணம். பின்னால் முழுக்க அறுவடைக் களத்தின் மஞ்சள். காதில் ஒரு பால்பாயிண்ட் பேனா செருகியிருக்கும், புதிய சமுதாயத்து விவசாயி என்று காட்டுவதற்காகப் பிறர் சொல்லிச் சேர்த்தது என்பார்கள். படத்தை ரொம்பக் கிட்டே வைத்துப் பார்த்தால் அந்தப் பழுப்பு ஒரே பழுப்பாக இல்லை. சுருக்கத்தின் மேட்டில் செம்மண் நிறம், பள்ளத்தில் கிட்டத்தட்டக் கறுப்பு, விரல்களில் காய்ப்பு. இந்த முகத்தை அழகு என்று சொல்லத் தயங்குகிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

இந்தத் தாளை முதலில் வேறொரு கடைக்குத்தான் கொண்டுபோனேன். 'பளபளன்னு லேமினேஷன் போட்டு, முகத்தைக் கொஞ்சம் பிரைட் பண்ணி வேற பிரிண்ட் போட்டுத் தரட்டுமா' என்று கேட்டார்கள். பெட்டியில் இருந்த ஜாங் ஷியாவ்காங் என்ற ஓவியரின் படத்தைப் பார்த்துவிட்டு, சீனப் படம்தானே, சிவப்பு வெல்வெட் மவுண்டும் (படத்துக்கும் பிரேமுக்கும் நடுவில் வைக்கிற அட்டை) தங்கப் பிரேமும் போட்டால் எடுப்பாக இருக்கும் என்றார்கள். நான் தாள்களைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

சந்துக்கடை அண்ணன் செய்தது வேறு. தாள்களை மேசையில் பரப்பிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, வாசல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் 'டீச்சர், இதெல்லாம் எங்க மாட்டப் போறீங்க, அங்க என்ன லைட்டு?' என்று கேட்டார். படத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் வெளிச்சத்தைப் பற்றிக் கேட்ட பிரேம்காரரை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. வகுப்பறையில் வெள்ளை எல்இடி டியூப் என்றேன். மலிவான வெள்ளை டியூப் சிவப்பைச் சாகடிக்கும், முகமெல்லாம் பிணக்களை வரும், படத்துக்கு மேலே மட்டுமாவது மஞ்சள் சாயல் உள்ள நல்ல பல்பு போடுங்கள் என்றார். போட்டேன். அவர் சொன்னது சரிதான். வாங் யிதோங் வரைந்த கல்யாணப் பெண்ணின் சிவப்புச் சட்டை டியூப் வெளிச்சத்தில் காய்ந்த ரத்தம் மாதிரி இருந்தது, பல்பு போட்டதும் உயிர் வந்துவிட்டது.

வாங் யிதோங் ஷான்துங் மாகாணத்துக்காரர், 1955-ல் பிறந்தவர். அந்தப் பக்கத்து யிமெங் மலைக் கிராமத்துப் பெண்களைத் திரும்பத் திரும்ப வரைகிறார், முக்கியமாக மணப்பெண்களை. சிவப்புச் சட்டை, சுற்றிலும் இருட்டு அல்லது பனி, நடுவில் மாசுமறுவற்ற வெளுத்த முகம். சீனாவில் கல்யாணத்துக்குச் சிவப்பு, துக்கத்துக்கு வெள்ளை. மணப்பெண் சிவப்பில் இருப்பது நம் கண்ணுக்கும் பழகினதுதான். ஆனால் தொகுப்பிலேயே எனக்கு மனதுக்கு ஒட்டாத படம் இது, அதையும் சொல்லிவிடுகிறேன். வேலைப்பாடு அபாரம், துணியின் மடிப்பைத் தொட்டுப் பார்க்கலாம் போல இருக்கிறது. ஆனால் அந்த முகத்தில் வெயில் பட்டதே இல்லை. மலைக்கிராமத்தில் காட்டு வேலை செய்கிற பெண்ணுக்கு அந்தத் தோல் எங்கிருந்து வந்தது? லுவோவின் விவசாயியைப் பார்த்துவிட்டு அடுத்த தாளில் இவளைப் பார்த்தால், நிறம் இங்கே பெண்ணைச் சொல்லவில்லை, அவளை அப்படிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களைச் சொல்கிறது என்று தோன்றுகிறது.

ஜின் ஷாங்யியின் 'தாஜிக் மணப்பெண்' அப்படியில்லை. அதுவும் 1980-களில் வந்த படம்தான். இவர் 1934-ல் பிறந்தவர், 1955-57-ல் சோவியத் ஓவியர் மக்சிமோவ் பெய்ஜிங்கில் நடத்திய பயிற்சி வகுப்பில் படித்தவர். சீனாவின் தாஜிக் மக்கள் அந்நாட்டின் மேற்கு ஓரத்து ஷின்ஜியாங்கில், பாமிர் மலைப் பக்கம் வாழ்கிறவர்கள். இருட்டான பின்னணியில், பக்கவாட்டு வெளிச்சத்தில், தலையில் சிவப்புத் துணியோடு ஒரு பெண், சிரிப்பதற்கு ஒரு கணம் முன்னால். வெளிச்சம் கன்னத்தில் தொடங்கித் தாடைக்கு இறங்கும்போது நிறம் எங்கே மாறுகிறது என்று விரல் வைத்துச் சொல்லவே முடியாது. பழைய ஐரோப்பிய ஓவியத்தின் பாடத்தை முழுக்க உள்வாங்கிய கை. கலாச்சாரப் புரட்சியின் பத்து வருஷமும் எல்லார் கன்னத்திலும் ஒரே சிவப்பு அடித்த நாட்டில், ஒருத்தியின் கூச்சத்துக்கு மட்டும் சொந்தமான சிவப்பு இது. இதற்கு அண்ணன் மவுண்டே வேண்டாம் என்றார். 'இருட்டு படத்துக்குள்ளயே இருக்கு, நாம வேற ஏன் இடம் விடணும்' என்று கறுத்த பழைய தேக்கை நேராகத் தாள் விளிம்பு வரை கொண்டுவந்துவிட்டார். இப்போது அந்தப் பெண் இருட்டிலிருந்து எட்டிப்பார்க்கிறாள்.

தேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இடிக்கிற பழைய வீடுகளிலிருந்து வரும் பர்மா தேக்கு உத்தரக் கட்டைகளை வாங்கி, அறுத்து, இழைத்து பிரேம் செய்கிறார். வார்னிஷ் அடிப்பதில்லை, மெழுகு மட்டும். அந்த வீடுகள் இடிபடுவது எனக்கு வருத்தம்தான், ஆனால் மரம் விறகாகப் போகாமல் சுவருக்கே திரும்பி வருவது நல்லது. பின்பக்கம் பிளைவுட்டில் கரையான் மருந்து தடவி, அதற்கும் தாளுக்கும் நடுவில் அமிலமில்லாத அட்டை வைத்து, ஓரம் முழுக்க பிரவுன் பேப்பர் ஒட்டித் தருகிறார். நம் ஊர் சுண்ணாம்புச் சுவரில் மழைக்காலத்தில் ஈரம் ஏறும் என்பதால் நாலு மூலையிலும் சின்னக் கார்க் துண்டு, சுவரில் ஒட்டாமல் காற்று போக. இதையெல்லாம் கேட்காமலே செய்தார்.

இனி ஜாங் ஷியாவ்காங். எல்லாவற்றையும் விட இவர் படத்தைத்தான் நான் அதிகம் நின்று பார்க்கிறேன். 1958-ல் குன்மிங் நகரில் பிறந்தவர். 1990-களின் தொடக்கத்தில் பெற்றோர் வீட்டில் கிடைத்த பழைய ஸ்டுடியோ குடும்பப் போட்டோக்களிலிருந்து 'ரத்தவழி' என்ற படவரிசையைத் தொடங்கினார். அப்பா, அம்மா, ஒரு பிள்ளை. எல்லாரும் நேராக உட்கார்ந்து நம்மைப் பார்க்கிறார்கள். பெரியவர்கள் சாம்பல், சட்டையும் சாம்பல், பின்னணியும் சாம்பல். பிள்ளை மட்டும் சில படங்களில் முழுக்கச் சிவப்பு, சிலவற்றில் மஞ்சள். ஒருவரிலிருந்து இன்னொருவருக்கு மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று ஓடுகிறது, சில இடங்களில் கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லியதாக. முகத்தின் மேல் கறை படிந்த மாதிரி ஒரு திட்டு, பழைய போட்டோவில் வெளிச்சம் பட்டுப் போன இடத்தைப் போல. தூரிகைத் தடமே இல்லாமல் வழித்து வழித்து மெழுகிய பரப்பு. இவ்வளவு அடக்கமான நிறத்தில் இவ்வளவு சொல்ல முடியுமா என்று இருக்கிறது. உத்தரவு போட்ட சிவப்பை முகத்திலிருந்து எடுத்துவிட்டார், எடுத்ததை நூலாக்கிக் குடும்பத்துக்குள் ஓட விட்டிருக்கிறார்.

செட்டிநாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் படம் உடனே பிடிபடும் என்று அடித்துச் சொல்வேன். எந்தப் பெரிய வீட்டுக்குப் போனாலும், முகப்புத் தாண்டி வளவு என்கிற முற்றப் பகுதிக்குள் நுழைந்தால் மேலே வரிசையாக ஐயாக்களும் ஆயாக்களும் அப்பத்தாக்களும் சாய்ந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கறுப்பு வெள்ளைப் போட்டோ, அதன் மேல் கையால் ஏற்றிய வண்ணம். உதட்டில் லேசான சிவப்பு, நகையில் மஞ்சள், கன்னத்தில் ரோஸ். ஜாங் எடுத்துக்கொண்ட காலத்துச் சீன ஸ்டுடியோ போட்டோக்களிலும் இதே கைவண்ணம் உண்டு. இந்த அண்ணனின் அப்பா ஸ்டுடியோக்களுக்கு இந்த வேலைதான் செய்தாராம், பஞ்சைக் குச்சியில் சுற்றி, சாயத்தில் தொட்டு. 'ஆச்சிமார் எல்லாம் வந்து, கொஞ்சம் வெளுப்பா ஆக்கிக் குடுங்கம்பாக, அப்பாவும் ஆக்கிக் குடுப்பாரு' என்றார். இப்போதும் கேட்கிறார்களா என்றேன். 'இப்ப கம்ப்யூட்டர்ல கேக்குறாக. நான் பண்றதில்ல, வேற கடைக்குப் போகச் சொல்லிடுவேன். கறுத்த ஐயாவை வெளுப்பாக்கி மாட்டுனா பேரப்பிள்ளைக்கு அவரு யாருன்னே தெரியாது.' எனக்கு அந்த இடத்திலேயே இந்தக் கடை பிடித்துப்போனது.

ஜாங்கின் படத்துக்கு மவுண்ட் தேர்ந்தெடுக்க அவர் எடுத்துக்கொண்ட நேரம் சாதாரணமில்லை. தூய வெள்ளை அட்டையை ஓரத்தில் வைத்துக் காட்டினார், சாம்பல் முகம் அழுக்காகத் தெரிந்தது. கறுப்பு வைத்தார், முகங்கள் வெளிறிப்போயின. மெரூனை வைத்ததும் அந்தச் சிவப்பு நூல் காணாமலே போய்விட்டது, பக்கத்தில் பெரிய சிவப்பு இருந்தால் சின்னச் சிவப்பைக் கண் விட்டுவிடுகிறது. கடைசியில் பழுத்த தாள் மாதிரி ஒரு தந்த நிறம், லேசாகச் சாம்பல் கலந்தது. அதை வைத்தவுடன் நூல் தானாக மேலே வந்தது. என் வகுப்புப் பிள்ளைகளிடம் பக்கத்து நிறம்தான் ஒரு நிறத்தைத் தீர்மானிக்கும் என்று வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை அவர்களை இந்தக் கடைக்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன்.

கண்ணாடி விஷயம் ஹ ஜியாயிங் தாளில் வந்தது. இவர் தியான்ஜின்காரர், 1957-ல் பிறந்தவர், எண்ணெய் வண்ணம் இல்லை, கோங்பி என்கிற பழைய சீன நுண்முறையில் இக்காலப் பெண்களை வரைகிறார். படிகாரமும் பசையும் ஏற்றிய தாளிலோ பட்டிலோ முதலில் நூலிழைக் கோடு, அதன்மேல் தண்ணீர்போல மெல்லிய வண்ணத்தை ஒன்று காய்ந்தபின் இன்னொன்று என்று அடுக்கடுக்காக ஏற்றுவது. பட்டில் வரையும்போது பின்பக்கமிருந்தே வெள்ளை பூசுகிற வழக்கமும் இந்த முறையில் உண்டு, அப்போது முகம் உள்ளிருந்து வெளிச்சம் வருகிற மாதிரித் தெரியும். பழைய சீன ஓவியத்தில் பெண் முகத்துக்கு நெற்றி, மூக்கு, தாடை மூன்றிலும் வெள்ளை ஏற்றும் ஒரு முறை இருந்தது, மிங் அரச வம்சக் காலத்து ஓவியர் தாங் யின் படங்களில் அதைப் பார்க்கலாம். ஹ அந்த மரபுக்குள் இருந்துகொண்டே ஸ்வெட்டர் போட்ட இன்றைய பெண்ணை, யோசனையில் இருக்கிறவளாக வரைகிறார். வெளுப்புதான், ஆனால் வாங் யிதோங்கின் வெளுப்பு இல்லை. இது தாளின் வெளுப்பு, வண்ணம் ஏறாமல் விட்டுவைத்த இடம். இமை ஓரத்திலும் மூக்கு நுனியிலும் மட்டும் ஒரு பொட்டுச் சிவப்பு, இருக்கிறதா இல்லையா என்கிற அளவில்.

இந்தப் படத்தின் மேல் சாதாரணக் கண்ணாடியை வைத்துவிட்டு, 'என்ன ஆச்சு பாருங்க' என்றார். முகத்தில் மெல்லிய பச்சை. சாதாரணக் கண்ணாடியில் இரும்புச் சத்து இருப்பதால் வரும் பச்சை அது, கண்ணாடியின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் நன்றாகவே தெரியும். அடர்த்தியான படத்தில் யாருக்கும் தெரியாது, இப்படி வெளிறிய படத்தில் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை போலாகிவிடும். மினுக்கம் இல்லாத சொரசொரப்புக் கண்ணாடியையும் காட்டினார், மவுண்ட் வைத்து இடைவெளி விட்டால் அது கோடுகளையெல்லாம் மங்கடிக்கிறது. கடைசியில் அக்ரிலிக் ஷீட். பச்சை இல்லை, லேசாகவும் இருக்கிறது. ஆனால் கீறல் விழும், தூசியை இழுக்கும், காய்ந்த துணியால் துடைக்கவே கூடாது.

ஜெங் பான்ஜியின் முகமூடி வரிசையிலிருந்து ஒன்றும், யுவே மின்ஜுனின் ரோஸ் நிறச் சிரிப்பு முகம் ஒன்றும் பெட்டியில் இருந்தன. ஜெங் அந்த வரிசையை 1994-ல் தொடங்கிப் பத்து வருஷம் போல வரைந்தார். முகத்தில் வெள்ளை முகமூடி, கைகள் மட்டும் பெரிதாக, தோலுரித்த சதையின் சிவப்பில். முகம் பொய் சொல்லும்போது கை நிஜத்தைச் சொல்லிவிடுகிறது. அந்த வெள்ளையைப் பார்க்கையில் சீன நாடகத்தில் வஞ்சகனுக்கு வெள்ளை முகம், விசுவாசிக்குச் சிவப்பு முகம் என்று பூசுவார்களே, அது எனக்கு ஞாபகம் வருகிறது. யுவே எல்லாப் படத்திலும் தன் முகத்தையே வரைகிறார், கண்ணை மூடிக்கொண்டு வாய் கொள்ளாத சிரிப்பு, பொம்மைக்கு அடித்த மாதிரி ஒரே ரோஸ். உத்தரவுச் சிவப்பைக் கடைசிவரை ஏற்றிவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று காட்டுகிற படம். முக்கியமான படம்தான், ஆனால் சின்னப் பிள்ளைகள் தினமும் பார்க்க வேண்டாம் என்று இரண்டையும் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

குறைகளும் உண்டு. சொன்ன தேதிக்குத் தரமாட்டார், போன் பண்ணினால் எடுக்கவும் மாட்டார், கோயில் திருவிழா வந்தால் கடையே திறக்காது. விவசாயி படத்தின் கண்ணாடிக்குள் ஒரு தூசி சிக்கியிருந்தது, சரியாகக் கிண்ணத்தின் மேல். திரும்பக் கொண்டுபோனபோது ஒரு வார்த்தை பேசாமல் பிரித்துச் சுத்தம் செய்து கொடுத்தார், ஆனால் தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் கண்ணாடிப் படத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது லேசில்லை. மாட்டுகிற கயிறு மெல்லியது, நான் கம்பியாக மாற்றிக்கொண்டேன். விலையும் மற்ற கடைகளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, பழைய தேக்கும் அக்ரிலிக்கும் சேர்ந்தால் இன்னும் கூடும். பணம் ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும்.

படங்கள் இப்போது வகுப்பில் மாட்டியாகிவிட்டன, நம் வீடுகளில் மாட்டுவதுபோல மேல்பக்கம் கொஞ்சம் முன்னால் சாய்த்து. அப்படிச் சாய்த்தால் ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் அடிக்காது, அண்ணன் சொன்ன யோசனைதான். போன வாரம் ஒரு பெண்பிள்ளை தன் அப்பத்தாவை வரைந்தாள். பழுப்பை எடுத்து, அதன்மேல் கொஞ்சம் ஊதா, நெற்றியில் மட்டும் மஞ்சள். எங்கே பார்த்தாய் என்றால் அந்த விவசாயித் தாத்தாவைக் கை காட்டுகிறாள்.

நீங்கள் போவதாக இருந்தால் காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் கடைக்குள் இயற்கை வெளிச்சம் போதாது, அவரும் டியூப் போட்டு நிறம் பார்க்க மாட்டார். படம் மாட்டப் போகிற சுவரை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஆத்தங்குடி டைல்ஸ் தரை அந்த அறையில் இருந்தால் அதையும் சேர்த்து, ஏனென்றால் தரையின் சிவப்பும் பச்சையும் படத்தின் மேல் ஏறும் என்று கேட்பார். மவுண்ட் என்ன நிறம் என்று நீங்களே முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். தாளைச் சுருட்டாமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோங்கள்.